தின்னர் கலவைக்கு மாஸ்க் கார்ட்ரிட்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஹட்டன்_ஸ்ப்ரே:
கராஜில் அரைமுக மாஸ்க், கறுப்புப் பட்டி (கரைப்பான் ஆவிக்கான) கார்ட்ரிட்ஜ் சோடி. ஸ்ப்ரே அடிக்கும்போது அளந்ததில் தின்னரில இருக்கிற அசிட்டோன் 350 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு), டொலுயீன் 150. மழைக்காலத்தில் சாரீரப்பதன் 90 வீதம். வாசம் வந்ததும் மாத்தினால் போதுமா, இல்ல கணக்கு ஏதும் இருக்கா?

கரிக்கணக்கு:
வாசத்தை நம்ப வேணாம். மூக்கு பழகிப்போகும், தெரியும்போது வாயு கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கிற கரியைத் தாண்டியிருக்கும்.

கலவையைத் தனித்தனியா கணக்குப் பார்த்தால் ஏமாறுவீங்க. டொலுயீனைக் கரி இறுகப் பிடிக்கும், அசிட்டோன் லேசாத்தான் ஒட்டும். பின்னால வர்ற டொலுயீன் அதைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடிச்சிரும். கிளம்பின அசிட்டோன் மொத்தமா வெளியேறும்போது, வெளிக்காற்றைவிட மாஸ்க்குக்குள்ள கூடுதலாகவும் இருக்கலாம்.

1000 பிபிஎம், நிமிடத்துக்கு 53 லிட்டர் காற்று, 1 வீதம் கசியும் வரை: பழைய ஆய்வுகூடச் சோதனையில் அசிட்டோன் 37 நிமிடம், டொலுயீன் 94. வித்தியாசம் பத்து மடங்குக்குள்ள, அதனால இரண்டையும் கூட்டி 500 பிபிஎம்மும் அசிட்டோன் என்றே வைங்க. செறிவு பத்தில் ஒன்றானால் ஆயுள் ஐந்து மடங்கு. பாதியானால் சுமார் 1.6 மடங்கு. 37 × 1.6 = 59. ஈரப்பதன் 85ஐத் தாண்டியதால் அதிலும் பாதி. ஆக 30 நிமிடம். 53 லிட்டர் கடும் வேலைக்கான மூச்சு. நீங்க அவ்வளவு இழுக்கமாட்டீங்க, அந்த மிச்சம் கையிருப்பா இருக்கட்டும். மலைக்குளிர் கொஞ்சம் உதவும்தான், ஈரம் பறிக்கிறதுக்கு ஈடாகாது.

சேஃப்டி_நுவரெலியா:
அசிட்டோன் 56 பாகையில் கொதிக்கும். 65க்குக் கீழே கொதிக்கிறதெல்லாம் ராத்திரி சும்மா கிடக்கும்போதே கரிக்குள்ள நகர்ந்து உள்பக்கம் வந்துரும். ஜிப் பை ஈரத்தைத் தடுக்கும், இதைத் தடுக்காது. நேற்றைய கார்ட்ரிட்ஜை வீசுங்க. புதுசில் திறந்த நேரத்தை மார்க்கரால் எழுதுங்க.

மூச்சு இழுக்கக் கஷ்டமா இருந்தால் முன்பக்கப் பஞ்சு பெயின்டில் அடைச்சிருக்கு; அதை மட்டும் மாத்தலாம். கரி தீர்ந்தால் இழுவையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஹட்டன்_ஸ்ப்ரே:
நன்றி அண்ணே. சில மலிவுத் தின்னரில் மெதனோலும் இருக்காமே?

கரிக்கணக்கு:
இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது தம்பி. அதே சோதனையில் மெதனோல் ஒரு நிமிடம்கூட நிற்கல. தின்னரை மாத்துங்க, முடியாட்டி காற்றுக்குழாய் மாஸ்க் (சுத்தமான காற்றைக் குழாய் வழியா தர்றது). கராஜ் கொம்பிரஷரில இருந்து நேரா குழாய் இழுத்துராதீங்க: எண்ணெய் கருகினால் காபன் மொனொக்சைட் வரும், சாதாரண கரி வடிகட்டி அதைப் பிடிக்காது. ஹாட்னர் கலக்கிற டூ-கே பெயின்டுக்கும் காற்றுக்குழாய்தான். ஹாட்னரில இருக்கிற ஐசோசயனேட் வாசம் காட்டாமலே உள்ள போயிரும்.