புதுப்பிப்பு: மேடை விளிம்பில் மாரியோவின் எந்த வான் அடி?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எதிரியை மேடைக்கு வெளியே தள்ளி விழவைக்கும் வீடியோ கேமான சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் அல்டிமேட்டில் நான் எடுக்கும் பாத்திரம் மாரியோ, கல்லடியில் இருக்கும் சித்தப்பா மகன் லிங்க். எத்தனை முறை வெளியே தள்ளினாலும் விளிம்பைப் பிடித்து ஏறிவிடுகிறான், என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

என் தவறு, முன் அடி (குதித்து வானில் முன்பக்கம் அடிப்பது) மீதிருந்த ஆசை. எதிரியைக் குழிக்குள் அறையும் அந்த அடி பார்க்க அழகு. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் ஆட்டத்தில், அறையும் பகுதி பொத்தானை அழுத்தியதிலிருந்து 16ஆவதில்தான் வருகிறது. "பின் அடியை எடு தம்பி, 6ஆவதிலேயே விழும். அவன் வானிலேயே குதிக்கும் இரண்டாவது குதியைச் செலவழிக்கும்வரை பொறு" என்று அக்கரைப்பற்று அண்ணா எழுதியதுதான் பலித்தது. ஒரு சிரமம்: அது முதுகுப் பக்கம்தான் விழும், குதித்த பிறகு சும்மா திரும்பவும் முடியாது. தரையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். இரண்டு மாலைகள் இதை மட்டுமே பழகினேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம் என்று அம்மா சொன்னார்.

எதிர்பாராதது ஒன்று. 3ஆவது ஃபிரேமிலேயே வருகிறதே என்று நடு அடியையும் (திசை எதுவும் அழுத்தாமல் வானில் அடிப்பது) முயன்றேன். பிந்திப் பட்டால் அது மெலிந்த அடி. அடி வாங்கியவனுக்கோ மேலே எழும்பும் சிறப்பு அசைவு மறுபடி கிடைத்துவிடுகிறது. நானே ஏணி போட்டுக் கொடுத்த கதை.

ஞாயிற்றுக்கிழமை பத்து ஆட்டங்களில் ஆறு எனக்கு. முன் அடியை, அவன் நேர் கீழிருந்து மெதுவாக ஏறும்போது மட்டும் வைத்திருக்கிறேன்.