எக்ஸ் அழுத்தினால் கேட்காமலே மூடிக்கொள்கிறது, அவசரம்

நூல்_கண்டு
வணக்கம். அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு டிசி (டெலிவரி சலான்) போடும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறேன். எக்ஸ்இ தான், உள்ளே வெப் பேஜ் ஓடும். 'சேவ் ஆகவில்லை, வெளியேறலாமா' என்று கேட்க, பேஜை விட்டுப் போகும் முன் ஓடும் பிஃபோர்அன்லோட் எழுதியிருக்கிறேன். குரோமில் கேட்கிறது. எக்ஸ்இ-யில் மூலையிலுள்ள எக்ஸை அழுத்தினால் மூச்சே விடாமல் மூடிக்கொள்கிறது. பேஜில் உள்ள 'முடி' பட்டனுக்கு விண்டோ.குளோஸ் போட்டால், அது மூடவே மாட்டேன் என்கிறது! நேற்று ஒரு பையன் 40 ரோல் எடையும் ஏறின பிறகு எக்ஸைத் தொட்டுவிட்டான். ஓனர் போன் மேல் போன். சீக்கிரம் சொல்லுங்க.

பவானி_ஜமுக்காளம்
எக்ஸ்இ-க்குள் பேஜைக் காட்டுவது எந்த கன்ட்ரோல்ங்க? பழைய வெப்பிரௌசரா, வெப்வியூ2-வா, செஃப்ஷார்ப்பா? வின்ஃபார்ம்ஸா, டபிள்யூபிஎஃப்பா?

மஞ்சள்_மண்டி
ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்க. எங்க மண்டி பில்லிங் இப்படித்தான் படுத்தியது, நிறுத்தினதும் சரியாகிவிட்டது.

பீளமேடு_சீனியர்
இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) 11-க்கு 2022 ஜூன் 15-லேயே காரியம் பண்ணியாயிற்று. இன்னமும் அதை வைத்து ஓடும் வெப்பிரௌசர் கன்ட்ரோலைக் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான். முதலில் டாக்குமென்டேஷன் படித்துவிட்டு வந்து கேளுங்கள், தம்பி.

பவானி_ஜமுக்காளம்
அவர் வெப்பிரௌசர் என்று சொல்லவே இல்லையேங்க அண்ணா.

நூல்_கண்டு
வெப்வியூ2. வின்ஃபார்ம்ஸ், சி ஷார்ப்.

பவானி_ஜமுக்காளம்
சரி, இது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை.

'முடி' பட்டன்: பேஜ் விண்டோ.குளோஸ் சொன்னால் வெப்வியூ2 உங்கள் ஃபார்மை, அதாவது எக்ஸ்இ-யின் விண்டோவை, தானாக மூடாது. விண்டோகுளோஸ்ரிக்வெஸ்டட் என்ற ஈவென்டைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதைப் பிடித்து நீங்கள்தான் ஃபார்மின் குளோஸைக் கூப்பிட வேண்டும்.

எக்ஸ்: ஃபார்ம் மூடும்போது கன்ட்ரோலும் கூடவே போய்விடுகிறது, பேஜிடம் யாரும் கேட்பதில்லை. மூடும் முன் வரும் ஃபார்ம்குளோசிங் ஈவென்டில் கேன்சலை ட்ரூ ஆக்கி மூடுவதை நிறுத்திவிட்டு, அபவுட்:பிளாங்க் என்ற வெற்றுப் பேஜுக்கு நேவிகேட் செய்யுங்க. பேஜை விட்டுப் போவதால் பிஃபோர்அன்லோட் அப்போது கேட்கும். பிளாங்க் வந்து சேர்ந்தால் நிஜமாக மூடுங்க.

கரூர்_கரை
பேஜுக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டும் எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட்அசிங்க்கில் பேஜையே கேட்டுவிடலாமே? கடைசியில் டாட் ரிசல்ட் போட்டால் பதில் வரும் வரை நிற்கும்.

பவானி_ஜமுக்காளம்
நிற்கும்ங்க, நின்றபடியே நிற்கும். பதில் வந்து சேர வேண்டியதும் திரையை நடத்தும் அதே யூஐ த்ரெட்தான். நிற்காமல் பதிலுக்குக் காத்திருக்க அவெயிட் போட்டால், பதில் வருவதற்குள் ஃபார்ம் மூடிவிடும். அதனால்தான் முதலில் கேன்சல்.

மஞ்சள்_மண்டி
எக்ஸ்இ-க்குள் எதுக்குங்க பிரௌசர்? நேராகக் கிளவுடில் போட்டால் இந்த வம்பே இல்லை.

பீளமேடு_சீனியர்
கிளவுடா? மில்லுக்குள் சிக்னல் எங்கே வருகிறது என்று போய்ப் பாருங்கள். செஃப்ஷார்ப் எடுத்திருந்தால் குளோஸ்பிரௌசருக்கு ஃபால்ஸ் கொடுத்தாலே பிஃபோர்அன்லோட் ஓடும், ட்ரூ கொடுத்தால்தான் கேட்காமல் மூடும். இதை நான் எத்தனை இழையில் சொல்லிவிட்டேன்.

மஞ்சள்_மண்டி
செஃப் போட்டால் இன்ஸ்டாலர் ஊதிப்போகும். மண்டியில் இருப்பது 4 ஜிபி ராம் சிஸ்டம், ஞாபகம் இருக்கட்டும்.

பீளமேடு_சீனியர்
ராம் வாங்கிப் போடச் சொல்லுங்கள். மஞ்சள் விற்கிற விலைக்கு முடியாதா?

மஞ்சள்_மண்டி
ஏனுங்க, மஞ்சள் விலை உங்களுக்குத் தெரியுமா? ஒரு சீசன் எங்களோடு உட்கார்ந்து பாருங்க, அப்புறம் பேசலாம்.

நூல்_கண்டு
'முடி' பட்டன் சரியாகிவிட்டது. பிளாங்க் வித்தை ஆபீஸ் சிஸ்டத்தில் கேட்கிறது, எடை மெஷின் பக்கத்துச் சிஸ்டத்தில் கேட்கவே இல்லை. அதே எக்ஸ்இ.

பவானி_ஜமுக்காளம்
அங்கே எடையைக் கையால் அடிக்கிறார்களா?

நூல்_கண்டு
இல்லை. மெஷினிலிருந்து சீரியல் போர்ட்டில் சி ஷார்ப்புக்கு வரும், நான் போஸ்ட்வெப்மெசேஜில் பேஜுக்குத் தள்ளிவிடுவேன். ரோலை வைத்தால் வரிசை தானாக ஏறும்.

பவானி_ஜமுக்காளம்
அங்கேதான் இருக்கிறது. பேஜை ஒருமுறையாவது ஆள் தொட்டிருக்க வேண்டும், கிளிக்கோ கீயோ. இல்லாவிட்டால் வெப்வியூ2-க்குள் ஓடும் குரோமியம் அந்தக் கேள்விப் பெட்டியைக் காட்டாது. குரோம் 60-லிருந்து இப்படித்தான். உங்கள் பையன் ரோலை மட்டும்தான் தொடுகிறான்.

பிஃபோர்அன்லோடை நம்ப வேண்டாம். எடை ஏறினதும் பேஜிலிருந்து குரோம்.வெப்வியூ.போஸ்ட்மெசேஜில் 'பாக்கி இருக்கு' என்று அனுப்புங்க, சேவ் ஆனதும் 'இல்லை' என்று. சி ஷார்ப்பில் வெப்மெசேஜ்ரிசீவ்டில் வாங்கி ஒரு பூலில் (ஆம்/இல்லை மாறியில்) வையுங்க. ஃபார்ம்குளோசிங்கில் அதைப் பார்த்து மெசேஜ்பாக்ஸ், வேண்டாம் என்றால் கேன்சல். காத்திருக்கவே வேண்டியதில்லை, நீங்கள் விரும்பும் தமிழ் வாசகமும் போடலாம். பிஃபோர்அன்லோடில் சொந்த வாசகத்தைக் குரோம் 51-லேயே எடுத்துவிட்டார்கள்.

கரூர்_கரை
விண்டோஸை ஷட்டவுன் செய்தால்?

பவானி_ஜமுக்காளம்
ஃபார்ம்குளோசிங்கில் ஏன் மூடுகிறது என்று சொல்லும் குளோஸ்ரீசன் பாருங்க. விண்டோஸ்ஷட்டவுன் என்றால் தடுக்காமல் டிராஃப்டைச் சேமித்துவிட்டு விடுங்க. கரண்ட் போனால் எந்த ஈவென்டும் வராது. அதனால் ரோலுக்கு ரோல் டிராஃப்ட் எழுதுவதே நல்லது.

நூல்_கண்டு
பூல் முறை ஓடுகிறது. நன்றிங்க. சைட்டுக்குக் கிளம்புகிறேன்.

கரூர்_கரை
அந்த ஃபார்ம்குளோசிங் கோடை மட்டும் போட்டுவிட்டுப் போங்களேன்.

கரூர்_கரை
நூல்_கண்டு?

பீளமேடு_சீனியர்
வர மாட்டார். வேலை முடிந்ததும் யார் வந்தார்கள்?