மூன்றாம் வகுப்பில் திருவருகைக் காலம்: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கடலோர டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஊரில், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நிர்வாகத்தின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் கிறிஸ்தவ விழா என்றால் இத்தனை வருஷமும் கிறிஸ்துமஸ் புரோகிராம்தான். டிசம்பரில் ஒரு மதியம் ஸ்பீக்கர் கட்டி, இரண்டு டான்ஸ், ஒரு பிறப்பு நாடகம், கிறிஸ்துமஸ் தாத்தா கையால் மிட்டாய், கேக் துண்டு. வானதூதர் வேஷம் யார் பிள்ளைக்கு என்று வருஷா வருஷம் அம்மாக்களுக்குள் ஒரு மனத்தாங்கல். அதோடு சரி.

இந்த ஜூனில் வந்த புதுத் தலைமையாசிரியை சிஸ்டர் அதை மாற்றச் சொல்கிறார். "ஒரு நாள் கூத்து வேண்டாம். திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் எல்லாம் வகுப்பறையில் தெரியட்டும்" என்கிறார். அதாவது கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் வாரங்கள், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், ஈஸ்டரும் அதற்குப் பிந்தைய வாரங்களும். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் பல இடங்களில் இடிக்கிறது.

என் வகுப்பில் 31 பிள்ளைகள். கத்தோலிக்கர் பாதிக்கும் குறைவு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பிள்ளைகள் சிலர், முஸ்லிம் பிள்ளைகள் இருவர், மற்றவர்கள் இந்துக்கள். மறைக்கல்வி வகுப்புக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து அடுத்த அறைக்குப் போவார்கள், மிச்சப் பேருக்கு நன்னெறி. விழாக் காலத்தையும் அப்படி இரண்டாக வகுந்துவிட எனக்கு மனசில்லை. சேர்த்துச் செய்தால் எதுவரை போகலாம் என்றும் தெரியவில்லை.

அடுத்தது காலண்டர். இந்த வருஷம் (2025) திருவருகைக் காலம் நவம்பர் 30-ல் தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். அது முடிந்தால் லீவு. பாலன் பிறக்கும்போது என் வகுப்பு பூட்டிக் கிடக்கும். ஈஸ்டர் 2026 ஏப்ரல் 5. அதன் பின்னாலேயே ஆண்டுத் தேர்வு. பாஸ்கா காலம் முடிகிற தூய ஆவியார் பெருவிழா மே 24, நல்ல கோடை விடுமுறையில்.

திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற, மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி வைத்து வளையம் செய்யலாம் என்று சிஸ்டர் சொன்னார். அதைத் தவிர, படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லாமல் வேறு ஏதாவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பொதிகைக்காற்று:

டீச்சர், நான் தென்காசிப் பக்கம் சி.எஸ்.ஐ. பள்ளியில் இரண்டாம் வகுப்பு. லீவு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைக் கஷ்டமாகவே நினைக்காதீர்கள். குடிலை டிசம்பர் முதல் வாரமே வைத்துவிடுங்கள், ஆனால் காலியாக. ஒரு மாடு, ஒரு கழுதை, வைக்கோல் போட்ட வெறும் முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி). மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் வகுப்பின் பின்பக்கம் பீரோ மேல் நிறுத்துங்கள். தினமும் வருகைப்பதிவு முடிந்ததும் ஒரு பிள்ளை போய் ஒரு ஜாண் நகர்த்த வேண்டும். பீரோவிலிருந்து ஜன்னல் திட்டு, அங்கிருந்து கரும்பலகைக்குக் கீழே உள்ள பலகை என்று ஊர்வலம் வரும். ஒருமுறை ஒட்டகத்தின் கால் ஒடிந்து, நான் ஃபெவிகால் போட்டுக் காய வைத்திருந்தேன். "ஒட்டகத்துக்குக் கால் சரியில்லை, இன்னைக்கு ராஜாக்களுக்கு லீவு" என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

லீவு விடும்போது ராஜாக்கள் பாதி வழியில் நிற்பார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கிற அன்று நீங்கள் சீக்கிரம் போய்ப் பாலனை முன்னணையில் வைத்துவிடுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6, தேதி தானாகவே பொருந்திவிடும். பிள்ளைகள் பையைக்கூட இறக்காமல் குடிலைப் பார்க்க ஓடுவார்கள்.

வளையத்தைப் பற்றி ஒன்று. அது பிறந்ததே பிள்ளைகளின் நச்சரிப்பால்தான். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் யோஹான் விஹெர்ன், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாளுக்குச் சின்ன மெழுகுவர்த்தியும் ஞாயிறுக்குப் பெரிய மெழுகுவர்த்தியுமாக வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். நாள் எண்ணுவதுதான் அதன் வேலை. ஆகவே நான் அதைக் கணக்குப் பாடத்தில் சேர்த்துவிட்டேன். இன்னும் எத்தனை நாள், அதில் எத்தனை ஞாயிறு, தேர்வு நாள் போக எத்தனை என்று கேட்டால் கழித்தல் தானாக நடக்கும்.

எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகையையும் விடமாட்டோம். கோயிலில் காய்கறி, கோழி, வாழைத்தார் என்று ஏலம் போகும், அப்புறம் ஊருக்கே அசன விருந்து. வகுப்பிலும் அதையே செய்கிறோம். வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் ஒன்று, ஒரு கத்தரிக்காய் போதும், ஒரு பிடி கறிவேப்பிலையும் போதும். காசுக்குப் பதில் ஆளுக்கு 50 புளியங்கொட்டை. போன தடவை ஒரு முருங்கைக்காய் 48-க்குப் போனது. எடுத்தவனிடம் மிச்சம் இரண்டு கொட்டை. அதற்கு என்ன வாங்கலாம் என்று அவன் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் எல்லாக் காயும் சத்துணவு அக்காவிடம் போய், அன்றைய சாம்பாரில் சேர்ந்தது. இதில் யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்ற பேச்சே வரவில்லை.

பழைய பெஞ்சு:

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், நானும் உதவி பெறும் பள்ளிதான். மேலே தங்கை சொன்னதெல்லாம் அருமை. நான் நிர்வாகக் கண்ணோடு இரண்டு வார்த்தை சொல்கிறேன், கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும்.

மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். அது சமையல் கூடத்துத் தீ, கீற்றுக் கூரை, உங்கள் வகுப்பு கான்கிரீட்டாகவே இருக்கும், எல்லாம் சரி. ஆனாலும் 31 எட்டு வயதுப் பிள்ளைகள், கிரேப் பேப்பர், பஞ்சு, வைக்கோல், நடுவில் ஒரு நெருப்பு, வேண்டவே வேண்டாம். சார்ட்டில் நான்கு மெழுகுவர்த்தி வெட்டி ஒட்டுங்கள். திங்கட்கிழமைதோறும் ஒரு பிள்ளை மஞ்சள் தாளில் சுடர் வெட்டி ஒட்டட்டும். ஊதா மெழுகுவர்த்தி தேடிக் கடை கடையாக அலைகிற வேலையும் மிச்சம்.

எதுவரை போகலாம் என்பதற்கு நம் அரசியலமைப்பிலேயே கோடு இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமை 30-வது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மாணவர் சம்மதிக்காமல் அவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது, சிறுவராக இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 28-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடில் கட்டுவது, ஓலை முடைவது, கதை கேட்பது, ஏலம் விடுவது எல்லாம் எல்லோருக்கும். முழந்தாளிடுவது, சிலுவை அடையாளம் போடுவது, ஜெபம் சொல்ல வைப்பது மறைக்கல்வி வகுப்போடு நிற்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் வருஷத் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். புகைப்படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும்போதும் யோசித்துப் போடுங்கள். தொப்பி போட்ட பிள்ளை குடில் முன்னால் நிற்கிற படம் எங்கெங்கோ சுற்றும், அந்த வீட்டாருக்குச் சங்கடம்.

கோவில்பட்டி அப்பா:

ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் ஒரு பெற்றோராகச் சொல்கிறேன், ரொம்பப் பயந்து மழுப்பிவிடாதீர்கள். நாங்கள் இந்துக்கள், பையன் கிறிஸ்தவப் பள்ளியில் நான்காம் வகுப்பு. தெரிந்துதான் சேர்த்தோம். வருஷம் ஒருமுறை வேளாங்கண்ணிக்கும் போய் வருகிறோம், செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டம் ஒத்துவராது என்பதால் தேர் முடிந்த பிறகு. அவன் பள்ளியில் போன வருஷம் கிறிஸ்துமஸை "அன்பு தினம்" என்று பெயர் மாற்றி, ஒரு பொம்மைகூட வைக்காமல் பலூன் கட்டி முடித்தார்கள். பையன் வந்து, "யாருக்குப் பொறந்தநாள்னே சொல்லலப்பா" என்றான். கதையைக் கதையாகச் சொல்லுங்கள் டீச்சர், எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்று. நீங்கள் எதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திருவருகைக் காலம் வருகிற நேரத்தில்தான் கார்த்திகை மாலை போடுகிறோம். அப்பா மாலை போட்டிருக்கிற பிள்ளைக்குக் காத்திருப்பது, கட்டுப்பாடு, கறி கிடையாது, செருப்பு கிடையாது என்பதெல்லாம் வீட்டிலேயே அத்துப்படி. அவனைப் பேசச் சொல்லுங்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் இந்த முறை 2026 பிப்ரவரி 18. ரமலான் நோன்பும் பிறையைப் பொறுத்து அதே வாரம்தான் தொடங்கும். உங்கள் வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் இருவரும் அன்று சொல்வதைக் கேட்க மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். நெற்றியில் சாம்பல் ஏன் என்று நீங்கள் விளக்க ஆரம்பிப்பதற்குள், "எங்க விபூதி மாதிரியா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

கடலோர டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ராஜாக்களை நடக்க விடுவதை சிஸ்டரிடம் சொன்னேன், உடனே கிடங்கிலிருந்து பழைய சுரூபப் பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஒட்டகத்துக்கு இங்கேயும் ஒரு கால்தான் பாக்கி. சுடரைத் தாளில் ஒட்டுவது என்றும் முடிவாகிவிட்டது.

சாம்பல் புதனுக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. போன குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவைகள் எங்கள் ஊரில் நிலைக்கதவுக்கு மேலேயும் மாதா படத்துக்குப் பின்னாலேயும் வருஷம் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். பூசுகிற சாம்பல் அந்த ஓலைகளை எரித்து எடுப்பதுதான். பிள்ளைகள் கொண்டுவந்தால், வெளியே தகரத் தட்டில் நான் எரித்துக் காட்டலாம், பூசுவது கோயிலில் சாமியார் கையால். குருத்தோலை ஞாயிறு சமயத்தில் தென்னங்குருத்து வாங்கி எல்லோருமே முடையலாம். கிளி, புறா, சிலுவை எது வேண்டுமானாலும். அதில் எங்கள் வகுப்பில் கெட்டிக்காரி, பனையேறி வீட்டுப் பெண். அவளுக்குச் சிலுவையும் வரும், கிலுகிலுப்பையும் வரும்.

பெரிய வெள்ளியை என்ன செய்வது என்றுதான் தயக்கம். அப்புறம் ஒரு சின்ன விஷயம். போன தவக்காலத்தில் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமையெல்லாம் சத்துணவு முட்டையைத் தொடவில்லை. அம்மா சொல்லியிருக்கிறார்களாம். மெலிந்த பிள்ளை. வற்புறுத்தவும் முடியவில்லை, விடவும் மனசு வரவில்லை.

பழைய பெஞ்சு:

முட்டைக்குப் பதில் சுலபம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயது முடிந்தவர்களுக்கு. ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்பது 18-லிருந்து 59 வரை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே கடமை இல்லை, மேலும் முட்டை இறைச்சிக் கணக்கிலும் வராது. இதை நீங்கள் சொன்னால் அந்த அம்மா ஏற்காமல் போகலாம், பங்குச் சாமியார் சொன்னால் கேட்பார். பிள்ளையிடம் இதைப் பேச வேண்டாம். அவள் அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள்.

பொதிகைக்காற்று:

பெரிய வெள்ளிக்கு என் கருத்து: சின்ன வகுப்பில் சிலுவைப்பாட்டைப் படமாகவோ நாடகமாகவோ காட்டாதீர்கள். சிவப்பு மை பூசி நடித்துக் காட்டிய ஒரு பள்ளியில் பிள்ளைகள் ராத்திரி அலறியதாகக் கேள்வி. நான் கடைசி இராவுணவோடு நிறுத்திவிடுவேன். ரொட்டியைப் பிட்டுப் பகிர்கிற அளவு போதும். மீதியை வீடும் கோயிலும் பார்த்துக்கொள்ளும். அல்லேலூயா என்ற சொல்லைத் தவக்காலம் முழுக்க உங்கள் கோயிலில் பாட மாட்டீர்கள் இல்லையா? ஐரோப்பாவில் சில ஊர்களில் அதை எழுதி மண்ணில் புதைத்து, ஈஸ்டருக்குத் தோண்டி எடுக்கிற பழைய வழக்கம் உண்டு. கலர் எழுத்தில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டுங்கள், ஈஸ்டருக்கு மறுநாள் திறக்கலாம். நடுவில் தினமும் யாராவது ஒருவன் வந்து, "டீச்சர், அது உள்ளதானே இருக்கு?" என்பான்.

தவக்கால உண்டியலை மட்டும் வகுப்பில் வைக்காதீர்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்பார்கள். பதிலாகப் பிடி அரிசி சொல்லுங்கள். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே போடுகிற வழக்கம்தான். எல்லா வீட்டிலும் அரிசி உண்டு, எல்லார் கைப்பிடியும் ஒரே அளவுதான். சேர்ந்ததைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம்.

கேழ்வரகை மறந்துவிட்டேனே. குடிலில் புல் வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு சிரட்டையில் மண் போட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்த கேழ்வரகைத் தூவச் சொல்லுங்கள். டிசம்பர் 10 வாக்கில் தூவினால் தேர்வு முடிகிற நேரம் விரற்கடை உயரம் நிற்கும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும். லீவில் வகுப்பில் விட்டால் காய்ந்துவிடும், அதனால் கடைசி நாள் அவரவர் சிரட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குடில் வைக்கிற வீட்டில் குடிலுக்கு, மற்ற வீட்டில் அவர்கள் இஷ்டம். கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் உயரமான இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.