கிணற்றின் அடியில் உள்ள அடைப்பை மேலிருந்தே கரையச் செய்வது எப்படி?

கொக்குவில் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் பீடத்தில் மூன்றாம் ஆண்டில் படிக்கிறேன். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பயன்படும் கரையும் அடைப்புகளைப் பற்றி வகுப்பில் உரையாற்ற ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். கிடையாகச் செல்லும் கிணற்றில் உயர் அமுக்கத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பகுதி பகுதியாக முறிக்கும்போது (வெடிப்புகளை உண்டாக்கும்போது), முறித்து முடித்த பகுதியை மற்றதிலிருந்து பிரிக்க ஓர் அடைப்பு வைக்கப்படுகிறது என்பதும், பின்னர் அதைத் துளைத்து அகற்றும் செலவைத் தவிர்க்கவே மகனீசியக் கலப்புலோகத்தாலோ பொலிகிளைக்கொலிக் அமிலம் போன்ற பல்பகுதியத்தாலோ அதைச் செய்கிறார்கள் என்பதும் விளங்குகிறது. ஆனால் சில காப்புரிமை ஆவணங்களில் கரைதலைத் 'தொலைவிலிருந்து தூண்டுதல்' பற்றி எழுதியிருக்கிறார்கள். மூன்று கிலோமீற்றருக்கு அப்பால், உருக்குக் குழாய்க்குள், உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பொருளுக்கு எந்தச் சமிக்ஞை போய்ச் சேரும்? வானொலி அலை அங்கே செல்லாதே. அது தானாகவே கரையும் பொருள் என்றால் தூண்டுதலுக்கு என்ன தேவை இருக்கிறது?

பருத்தித்துறையான்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வளைகுடா நாடுகளின் கிணறுகளில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் நான். இந்த அடைப்பிடம் நாங்கள் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்களை. முறிக்கும் நேரத்தில் 10,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) அளவான அமுக்க வேறுபாட்டையும் அது தாங்க வேண்டும். வேலை முடிந்த பின் இருந்த இடம் தெரியாமற் போகவும் வேண்டும். முன்கூட்டிக் கரைந்தால் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிந்திக் கரைந்தால் உற்பத்தி தாமதமாகும். மேலிருந்து குளிர்ந்த நீரைப் பம்ப் செய்துகொண்டிருக்கும்வரை கிணற்றின் வெப்பநிலை இறங்கி, நிறுத்திய பின்னரே மெல்ல ஏறும் என்பதால், எத்தனை மணித்தியாலத்தில் கரையும் என்று ஆய்வுகூடத்தில் போட்ட கணக்கு அங்கே சரிவருவதில்லை.

ஒருமுறை, மூன்று நாளில் கரையும் என்று சொல்லப்பட்ட அடைப்பு ஏழாம் நாளும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நாங்கள் கொயில் ரியூப் என்று சொல்லும் சுருட்குழாயை இறக்கித் துளைத்த பிறகு மேலே வந்தவை, குழாய்ச் சுவரைக் கவ்வும் பற்களின் துண்டுகளும், கையில் எடுத்தால் ஈரச் சாம்பல் போலப் பிசுபிசுத்த சேறுந்தான். அந்தக் கிணற்றில் உப்புக் குறைந்த நீரைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 'கரையும் நேரம் நம் கையில் இருந்தால் நல்லது' என்ற எண்ணம் இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து பிறந்ததுதான்.

சமிக்ஞையைப் பொறுத்தவரை, கிணறு நிறைய இருக்கும் திரவமே எங்களுக்குத் தந்திக்கம்பி. பம்பை ஒரு குறித்த ஒழுங்கில் கூட்டியும் குறைத்தும் அமுக்கத் துடிப்புகளை அனுப்பலாம். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்வதால் மூன்று கிலோமீற்றரைக் கடக்க இரண்டு செக்கன் போதும். அடைப்புக்குள் இருக்கும் உணரி அந்த ஒழுங்கை அடையாளம் கண்டு ஒரு வால்வைத் திறக்கும். எனக்குப் பிடித்த முறை அதைவிட எளியது: குறித்த அமுக்கத்தைத் தாண்டினால் கிழியும் மெல்லிய உலோகத் தட்டு. அதற்குப் பற்றரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். சூடான கிணற்றில் முதலில் சாவது பற்றரிதான். ஆனால் முறிக்கும்போதே அமுக்கம் ஏறும் என்பதால், அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

இரசாயன ஆசிரியை, நல்லூர்:

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சமிக்ஞை எதையும் கரைப்பதில்லை. பொருளுக்கும் அதைக் கரைக்கும் திரவத்துக்கும் இடையில் உள்ள கதவை அது திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதை வகுப்பிலேயே பார்க்கலாம். அரத்தாளால் தேய்த்த மகனீசிய நாடாவை எங்கள் வீட்டுக் கிணற்று நீர் நிரப்பிய குவளையில் இட்டால் சில குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிறிது நேரத்தில் மேற்பரப்பு மங்கிவிடும். நீருடன் தாக்கம் புரிந்து உண்டாகும் மகனீசியம் ஐதரொட்சைட்டு ஒரு போர்வையாக மூடிவிடுவதே காரணம். கறியுப்பைத் தாராளமாகக் கரைத்தால் குளோரைட்டு அயன்கள் அந்தப் போர்வையைக் குலைக்கும். அதே நாடாவில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றினால், ஐதரசன் குமிழிகள் செம்பின் மேலிருந்து வரிசையாக எழும். மகனீசியம் தன்னை இழந்து தேயும். பருத்தித்துறையாரின் ஏழு நாள் கதைக்கு விளக்கம் இந்தக் குவளைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே மகனீசியத்துக்குக் கதவு பல வகையாகலாம். வெளியே காப்புப் பூச்சு இட்டு அதைப் பின்னர் உடைக்கலாம். உள்ளே அறை ஒன்றில் உப்புக்கரைசலோ அமிலமோ அடைத்துவைத்து வால்வைத் திறக்கலாம். மகனீசியத்துக்கும் வேறோர் உலோகத்துக்கும் இடையே திறந்திருக்கும் மின்சுற்றை மூடலாம். பொலிகிளைக்கொலிக் அமிலத்துக்கு இந்த உப்பு விளையாட்டு எடுபடாது. சத்திரசிகிச்சையில் உடம்புக்குள் தானாகக் கரையும் தையல்நூல் அதே பொருள்தான். நீர் அதன் சங்கிலியை வெட்டிக்கொண்டே போகும், வேகத்தைப் பெரும்பாலும் வெப்பநிலையே தீர்மானிக்கும். அங்கே தூண்டுதல் என்றால் நீர் படாமல் காத்திருந்து பின்னர் விடுவது, அல்லது உள்ளே வெப்பம் உமிழும் கலவையை எரியவைப்பது.

கொக்குவில் மாணவன்:

மிக்க நன்றி ஐயா, நன்றி ரீச்சர். 2011இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்ட டொராடோ கிணற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலின் ஆழம் 1,354 மீற்றர், வாயு இருந்தது கடல் மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே. கடலடி நீரை 4 பாகை என்றும், பாறைக்குள் கிலோமீற்றருக்கு 30 பாகை ஏறும் என்றும் எடுத்துக்கொண்டால் வாயு உள்ள இடத்தில் 55 பாகை செல்சியசுதான் வருகிறது. அங்கே பல்பகுதியம் மெதுவாகத்தானே கரையும்? இன்னுமொன்று: உண்மையில் கரைந்துவிட்டது என்பதை மேலே இருப்பவர்கள் எப்படி அறிவார்கள்?

பருத்தித்துறையான்:

மெதுவாகத்தான் கரையும், அந்த வெப்பநிலைக்கு நான் மகனீசியத்தைத்தான் கேட்பேன். ஆனால் அது தேடலுக்காகத் துளைத்த ஆழ்கடற் கிணறு, இத்தகைய அடைப்பு வரிசைக்கான இடமல்ல என்பதை உரையில் ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நேரான விடை இல்லை. கிணற்றைத் திறந்ததும் கீழ்ப் பகுதிகளிலிருந்து பாய்ச்சல் வருகிறதா என்று பார்ப்போம், திரும்பி வரும் நீரில் மகனீசியத்தின் அளவைச் சோதிப்போம். இரண்டிலும் ஐயம் இருந்தால் சுருட்குழாயை இறக்குவோம். அது எதிலும் முட்டாமல் கடைசிவரை போனால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடப் போவோம்.