பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை வாறது இனத்தாலயா, வளர்ற விதத்தாலயா?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு எட்டு வயசு, மூண்டாம் ஆண்டு படிக்கிறா. போர்ட்டில எழுதுறதைப் பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியைப் பாத்துத்தான் எழுதுறா எண்டு ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னா, கொண்டுபோய் டெஸ்ட் பண்ணினால் கிட்டப்பார்வையாம், தூரத்தில இருக்கிறது தெளிவாத் தெரியாது, ரெண்டு கண்ணும் மைனஸ் ஒண்டரை. கண்ணாடி போட்டாச்சு, அவவும் சந்தோசமாப் போட்டுக்கொண்டு திரியிறா, அதில பிரச்சினை இல்லை. ஆனால் கண்ணாடிக் கடையில நிண்டவர் சொன்ன கதைதான் மண்டைக்குள்ள நிக்குது. "இது இரத்தத்தில இருக்கிற சாமான் அம்மா, சீனாக்காரருக்கு எல்லாரையும் விடக் கூட, அடுத்தது எங்கட ஆக்கள், வெள்ளையளுக்குக் குறைவு, ஒண்டும் செய்யேலாது, வருசா வருசம் பவரை மாத்த வேண்டியதுதான்" எண்டார்.

எனக்கு விளங்காதது என்னண்டால், என்ர அம்மா பருத்தித்துறையில பிறந்து வளந்தவ, எழுபது தாண்டியும் தூரத்தில வாற பஸ்ஸின்ர போர்டை வாசிப்பா. இவரின்ர பக்கத்திலயும் பழைய ஆக்கள் ஒருத்தரும் சின்ன வயசில கண்ணாடி போட்டதாத் தெரியேல்ல. எனக்கு ஏ/எல் படிக்கேக்க வந்தது. மச்சாளின்ர பிள்ளையள் சிங்கப்பூர்ல, ரெண்டும் கண்ணாடி, லண்டன்ல அண்ணான்ர மகனுக்கும் கண்ணாடி. இரத்தம் எண்டால் அம்மாவுக்கு ஏன் வரேல்ல? இனத்துக்கு இனம் வித்தியாசம் எண்டுறது உண்மையிலயே இருக்கோ? சின்னவனுக்கு நாலு வயசு, அவனுக்கும் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

தெஹிவளை கண் பரிசோதகர்:

அக்கா, நான் கண் பரிசோதிக்கிற வேலைதான் செய்யிறன், இந்தக் கேள்வி கிழமைக்குக் கிழமை வரும், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

இனத்துக்கு இனம் வித்தியாசம் இருக்கு, அது உண்மை. சிங்கப்பூர்ல ஆர்மிக்கு எடுக்கிற பெடியள் பதினையாயிரம் பேரை 1996-97ல பரிசோதிச்சுப் பாத்தவை, சீனப் பெடியளில 82 வீதம், இந்தியரில 69 வீதம், மலாய்க்காரரில 65 வீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. அங்க இந்தியர் எண்டால் கூடுதலா எங்கட தமிழ் ஆக்கள்தான். இந்தக் கணக்கை மட்டும் பாத்தால் கடைக்காரர் சொன்னது சரி மாதிரித் தெரியும். ஆனால் அதே இந்தியப் பரம்பரையில டெல்லியில 5 தொடக்கம் 15 வயசுப் பிள்ளையளைப் பாத்த ஆய்வு 2002ல வந்தது, அதில 7 வீதம் சொச்சம்தான். வயசு வேற, அதால நேருக்கு நேர வச்சுக் கழிக்கேலாது, ஆனாலும் 7 எங்க 69 எங்க.

வயசும் ஒண்டு இனமும் ஒண்டு எண்டு பாக்கோணும் எண்டால் சிட்னியையும் சிங்கப்பூரையும் எடுங்கோ. ரெண்டு இடத்திலயும் சீனப் பிள்ளையள், ரெண்டு இடத்திலயும் ஆறு ஏழு வயசு, தாய் தகப்பனில ஒருத்தருக்காவது கிட்டப்பார்வை இருந்த குடும்பங்களும் ரெண்டு ஊரிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிங்கப்பூர்ல 29 வீதம், சிட்னியில 3.3 வீதம். 2008ல வந்த ஆய்வு. சிட்னிப் பிள்ளையள் புத்தகம் வாசிக்கிறது குறைவாக்கும் எண்டு நினைப்பீங்கள், இல்லை, அவைதான் கூட வாசிச்சவை. பெரிசா வித்தியாசப்பட்டது வீட்டுக்கு வெளியில நிண்ட நேரம், சிட்னியில கிழமைக்குப் பதின்மூண்டு மணித்தியாலத்துக்கு மேல, சிங்கப்பூர்ல மூண்டு மணித்தியாலம். ஒரே இரத்தம்தானே அக்கா ரெண்டு ஊரிலயும்.

உங்கட அம்மாவுக்கு ஏன் வரேல்ல எண்ட கேள்விக்கும் இதுக்குள்ளதான் பதில் இருக்கு. அலாஸ்காவில அப்ப பரோ எண்டு சொன்ன இடத்தில எஸ்கிமோக் குடும்பங்களைப் பாத்து 1969ல வெளியிட்டவை, மூத்த தலைமுறையில 131 பேரில ரெண்டு பேருக்குத்தான் கிட்டப்பார்வை, அவையின்ர பிள்ளையள் பேரப்பிள்ளையளில பாதிக்கு மேல. இடையில பள்ளிக்கூடம் வந்தது, வீட்டுக்குள்ள இருக்கிற வாழ்க்கை வந்தது. ஒரு தலைமுறைக்குள்ள மரபணு அப்பிடி மாறவே மாறாது.

கொட்டாஞ்சேனை கரன்:

கண் பரிசோதகர் அண்ணை, நல்லா எழுதியிருக்கிறீங்கள், ஆனால் ஒரு பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். ஒரே உரு இரட்டைப் பிள்ளையளை வச்சுச் செய்த ஆய்வெல்லாம் கிட்டப்பார்வையில பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கெண்டுதானே சொல்லுது. தாய்க்கும் தகப்பனுக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாற சான்ஸ் கூட, இதை எல்லா வீட்டிலயும் காணலாம். இன்னொண்டு, இங்கிலாந்தில லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர் பிள்ளையளைப் பாத்தவை, 10-11 வயசு. தெற்காசியப் பிள்ளையளில 25 வீதம், கறுப்பினப் பிள்ளையளில 10 வீதம், வெள்ளைப் பிள்ளையளில 3.4 வீதம். ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மாதிரிப் பள்ளிக்கூடம். பிறகும் ஏழு மடங்கு வித்தியாசம் எப்பிடி வந்தது? இதுக்கும் வெளியில விளையாடுறதுதான் காரணம் எண்டு சொன்னால் எனக்கு நம்பேலாமல் இருக்கு.

தெஹிவளை கண் பரிசோதகர்:

தம்பி கரன், நல்ல கேள்வி. இரட்டைப் பிள்ளையளின்ர கணக்கு பிழை இல்லை, ஆனால் அது சொல்லுறது வேற விசயம். ஒரே வீட்டில ஒரே மாதிரி வளந்த ஆக்களுக்குள்ள ஆருக்கு வரும் ஆருக்கு வராது எண்டதில மரபணுவுக்குப் பங்கு இருக்கு எண்டுதான் அது சொல்லுது. ரெண்டு கூட்டத்துக்கு இடையில இருக்கிற இடைவெளி எங்கயிருந்து வந்தது எண்டு அதை வச்சுச் சொல்லேலாது. கண் அளவுக்கு மீறி நீளமா வளர்றதாலதான் கூடுதலாக் கிட்டப்பார்வை வாறது. எல்லாப் பிள்ளையளும் ஒரே மாதிரி அறைக்குள்ள அடைபட்டிருக்கேக்க, கண் நீளக்கூடிய தன்மையோட பிறந்ததுக்கு முதல்ல நீளும். அந்தத் தன்மையோடயே பிறந்த பாட்டி வயல்வெளியில வளந்ததால தப்பியிருப்பா. கிட்டப்பார்வையோட தொடர்பு எண்டு நூற்றுக்கு மேல மரபணு இடங்களைக் கண்டுபிடிச்சிருக்கினம், ஒவ்வொண்டும் துளித் துளியாத்தான் சேருது, இந்த இனத்துக்கு இதுதான் எண்டு காட்டக்கூடிய ஒற்றை மரபணு அதில இல்லை.

இங்கிலாந்துக் கணக்குக்கு வாறன். ஒரே நாடு எண்டால் ஒரே நாள் இல்லை தம்பி. லண்டன்ல எங்கட ஆக்களின்ர பிள்ளை பள்ளிக்கூடம் முடிஞ்சு எங்க போகுது? வீட்டுக்கு, பேந்து ரியூசனுக்கு, சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம். அதுவும் நல்லதுதான், ஆனால் எல்லாம் கூரைக்குக் கீழ. பக்கத்து வீட்டு வெள்ளைப் பெடியன் பார்க்கில பந்து அடிச்சுக்கொண்டு நிப்பான். இதால எல்லாம் முழுசா விளங்கிடும் எண்டு நான் சொல்ல வரேல்ல, மரபணுவின்ர பங்கு கொஞ்சம் மிஞ்சலாம், ஆனால் ஏழு மடங்கையும் இரத்தத்தில கட்டி விடேலாது.

எருசலேத்தில யூதப் பெடியளை வச்சு 1993ல வந்த ஆய்வைப் பாருங்கோ. வைதீகக் குடும்பத்துப் பெடியள் சின்ன வயசில இருந்தே நாள் முழுக்க வேதப் புத்தகத்துக்கு முன்னால, அவையளில 81 வீதம். சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பெடியளில 27 வீதம். இன்னும் முக்கியமானது, வைதீகப் பள்ளிக்கூடத்துப் பெம்பிளைப் பிள்ளையளில 36 வீதம்தான், ஏனெண்டால் பெடியள் மாதிரி அவ்வளவு நேரம் புத்தகத்தோட இருத்தி வைக்கிறேல்ல. அதே சமூகத்தில பிறந்த பெடியளும் பெட்டையளும். இதுக்கு மேல இரத்தம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

தெமட்டகொட டீச்சர்:

இத படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. நான் ஸ்கொலர்ஷிப் கிளாஸ் எடுக்கிற டீச்சர், சொந்த ஊர் ஹட்டன். எங்க ஊர் தோட்டத்துப் பிள்ளைங்க ஸ்கூல் விட்டா மலையில ஓடிட்டுத்தான் திரியும், இங்க கொழும்புல என் கிளாஸ் பிள்ளைங்க ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டதும் வேன்ல ஏறி, வேன்லயே சோறு சாப்பிட்டு ரெண்டரைக்கு டியூஷன்ல உக்காந்திருக்கும், அது முடிஞ்சு வெளிய வரும்போது இருட்டிடும். இன்டர்வலுக்குக் கூட வெளிய விடாம மொடல் பேப்பர் செய்ய வைக்கிற ஸ்கூல் இருக்கு. பெத்தவங்கள மட்டும் குத்தம் சொல்லல, நல்ல ஸ்கூல் கெடைக்கணும்னா அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சைல வெட்டுப்புள்ளிக்கு மேல எடுக்கணும், அதுக்கு வேற வழி என்ன இருக்குன்னு அவங்களும் தவிக்கிறாங்க. ஆனா ஒம்பது பத்து வயசுப் பிள்ளைங்க வரிசையா கண்ணாடி போட்டு வர்றத பாக்கும்போது மனசு தாங்கல. இதுல சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளைன்னு நான் வித்தியாசம் பாக்கல, டியூஷன் எத்தன மணி நேரம்ங்கறதுதான் வித்தியாசம்.

அண்ணன், எனக்கு ஒரு சந்தேகம். எங்களுக்கு சிங்கப்பூர் மாதிரியே பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல வருஷம் முழுக்க வெயில், அப்புறம் ஏன் வெளிச்சம் பத்தல? அறையிலயும் லைட் போட்டுத்தானே வச்சிருக்கோம்?

தெஹிவளை கண் பரிசோதகர்:

டீச்சர், நீங்கள் எழுதினதை எல்லாத் தாய் தகப்பனும் வாசிக்கோணும்.

வெயில் ஊரில இருந்தால் காணாது, பிள்ளையின்ர கண்ணுக்குள்ள போகோணும். ரியூப் லைட் போட்ட வகுப்பறையில வெளிச்சம் கூடினால் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), அதே நேரம் வெளியில 10,000 லக்ஸ், நல்ல வெயில் எண்டால் அதுக்கும் மேல. எங்கட கண்ணுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாத் தெரியாது, கண்மணி சுருங்கி விரிஞ்சு சமாளிச்சிடும், ஆனால் விழித்திரைக்குத் தெரியும். வெளிச்சம் கூடேக்க விழித்திரையில டோபமைன் எண்ட இரசாயனம் கூடச் சுரக்குது, அது கண் நீளமா வளர்றதைப் பிடிச்சு வைக்குது எண்டுதான் இப்ப கூடுதலானவை ஏத்துக்கொள்ளுற விளக்கம். கோழிக்குஞ்சுகளை வச்சுச் செய்த பரிசோதனையில பிரகாசமான வெளிச்சத்தில வளத்த குஞ்சுகளுக்குக் கிட்டப்பார்வை மெதுவாத்தான் வந்தது.

பிறக்கேக்க கண்ணின்ர நீளம் 17 மில்லிமீட்டர் அளவில இருக்கும், வளந்த ஆளுக்கு 24 அளவில நிக்கோணும். நிக்க வேண்டிய இடத்தில நிக்காமல் ஒரு மில்லிமீட்டர் கூட நீண்டாலே ரெண்டரை மூண்டு பவர் மைனஸ் வந்திடும். நீண்ட கண் பேந்து சுருங்காது, அதாலதான் வாறதுக்கு முன்னம் தடுக்கிறது முக்கியம் எண்டு கத்துறம். மைனஸ் ஆறுக்கு மேல போற பிள்ளையளுக்குப் பின்னாளில விழித்திரை கழலுறது, குளுக்கோமா எண்ட கண் நரம்பு நோய், மக்கியூலா எண்ட விழித்திரையின்ர நடுப்பகுதி பழுதாகிறது எல்லாத்துக்கும் ஆபத்துக் கூட.

தடுக்கேலும் எண்டதுக்குச் சாட்சி இருக்கு. சீனாவில குவாங்சோவில 12 பள்ளிக்கூடத்தில முதலாம் ஆண்டுப் பிள்ளையளை எடுத்து, பாதிப் பள்ளிக்கூடங்களில நாளுக்கு 40 நிமிசம் கூடுதலா வெளியில விட்டவை. மூண்டு வருசத்தில மற்றப் பள்ளிக்கூடங்களில புதுசா 39.5 வீதம் பேருக்கு வந்தது, வெளியில விட்ட இடத்தில 30.4 வீதம். தாய்வான்ல 2010ல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளையள் நாளுக்கு 120 நிமிசம் வெளியில நிக்கோணும் எண்டு அரசாங்கமே திட்டம் போட்டது, வருசா வருசம் ஏறிக்கொண்டு போன பார்வைக் குறைபாடு 2012க்குப் பிறகு இறங்கத் தொடங்கினது. அவையும் சீன இனம்தானே. இரத்தத்தில எழுதியிருந்தால் மைதானத்துக்கு விட்டதால எப்பிடி இறங்கும்?

பம்பலப்பிட்டி மாமி:

பிள்ளை, டொக்டர்மார் சொல்லுறதையும் கேளுங்கோ, ஆனால் பொன்னாங்காணியும் முருங்கை இலையும் கிழமையில மூண்டு நாள் குடுங்கோ, கரட்டும் குடுங்கோ. கண்ணாடியையும் நெடுக போட விடாதேங்கோ, பவர் கூடிப்போகும், கொஞ்சம் குறைச்ச பவரில வாங்கிப் போட்டால் கண் தானாப் பழகும் எண்டு எங்கட காலத்தில சொல்லுவினம்.

தெஹிவளை கண் பரிசோதகர்:

மாமி, பொன்னாங்காணி குடுங்கோ, விற்றமின் ஏ குறைஞ்சால் வாற மாலைக்கண்ணுக்கு அது நல்லது, உடம்புக்கும் நல்லது. கண் நீளுறதை அது நிப்பாட்டாது. பவர் குறைச்சுப் போடுற கதையை மட்டும் தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மலேசியாவில அதைப் பிள்ளையளில செய்து பாத்து 2002ல வெளியிட்டவை, பவர் குறைச்சுப் போட்ட பிள்ளையளுக்குத்தான் கிட்டப்பார்வை இன்னும் வேகமாக் கூடினது.

கொட்டாஞ்சேனை கரன்:

எருசலேம் கணக்கு எனக்குப் புதுசு அண்ணை, பெடியளுக்கும் பெட்டையளுக்கும் அவ்வளவு வித்தியாசம் எண்டால் யோசிக்கத்தான் வேணும். ஆனாலும் சிங்கப்பூர்ல ஒரே பள்ளிக்கூடத்தில படிச்ச சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையில இருக்கிற 17 புள்ளியில மரபணு கொஞ்சமாவது இருக்கும் எண்டுதான் இன்னும் நினைக்கிறன்.

தெஹிவளை கண் பரிசோதகர்:

இருக்கலாம் தம்பி, அதை நான் மறுக்கேல்ல. ஆனால் அந்த 17ஐப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் மலாய்க்காரரின்ர 65 வீதம் கண்ணுக்குத் தெரியாமல் போயிடும். படிப்பின்ர பங்கைத் தனியாப் பிரிச்சுப் பாத்த ஆய்வும் இருக்கு, பிரித்தானியாவில 2018ல வந்தது, மரபணுவையே அளவுகோலா வச்சுக் கணக்குப் பாத்தவை. படிக்கிற ஒவ்வொரு கூடுதல் வருசத்துக்கும் கால் டயொப்டருக்குக் (கண்ணாடிப் பவரின்ர அலகு) கொஞ்சம் மேல மைனஸ் ஏறுது. கிட்டப்பார்வை இருக்கிறதால கூடப் படிக்கினம் எண்டு மறுபக்கமாப் பாத்தால் ஒண்டும் இல்லை.

வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. டீச்சர் சொன்னது எங்கட வீட்டுக் கதைதான், மகளுக்கு கிழமையில அஞ்சு நாள் ஏதோ ஒரு கிளாஸ். சனிக்கிழமை கிளாஸை நிப்பாட்டப் போறன் எண்டு இவரோட கதைச்சிட்டன். தம்பி, மகளுக்கு இனி என்ன செய்யலாம், சின்னவனுக்கு என்ன செய்யலாம்? வெயிலுக்கு கறுத்துப் போவான் எண்டு மாமியார் தொப்பி இல்லாமல் விடமாட்டா, தொப்பி போட்டால் பிரயோசனம் இல்லையோ?

தெஹிவளை கண் பரிசோதகர்:

தொப்பி போடலாம் அக்கா, மர நிழலும் காணும், நிழலுக்குள்ள கூட அறையை விடப் பல மடங்கு வெளிச்சம். நடு மத்தியானம் விட வேண்டாம், பின்னேரம் நாலரைக்குக் காலிமுகத் திடலுக்கோ வெள்ளவத்தைக் கடற்கரைக்கோ கூட்டிக்கொண்டு போங்கோ, காலமை பள்ளிக்கூடத்தில எவ்வளவு நேரம் வெளியில விடுகினம் எண்டும் கேளுங்கோ, எல்லாம் சேத்து நாளுக்கு ரெண்டு மணித்தியாலம் வந்தால் நல்லது. சின்னவனுக்கு இன்னும் வரேல்ல, அவனுக்குத்தான் இதால கூடப் பிரயோசனம். கண்ணுக்கு நேரா வெயிலைப் பாக்க வேண்டாம் எண்டு மட்டும் சொல்லி விடுங்கோ.

மகளுக்கு ஏற்கெனவே வந்திட்டுது, வெளியில விடுறதால மட்டும் கூடுறதை நிப்பாட்டேலாது, ஆனாலும் விடுங்கோ. கண்ணாடிக் கடையோட நிக்காமல் பிள்ளையளைப் பாக்கிற கண் வைத்திய நிபுணரிட்டக் கொண்டு போங்கோ. குறைஞ்ச அளவு அற்றோபின் சொட்டு மருந்து இருக்கு, ஹொங்கொங்கில பாத்ததில 0.05 வீதச் சொட்டு 0.01ஐ விட நல்லா வேலை செய்தது. கூடுற வேகத்தைப் பாதியளவுக்குக் குறைக்கிற விசேச கண்ணாடி வில்லையும் இருக்கு, விலை கூட. எது பொருத்தம் எண்டு அவர் பாத்துச் சொல்லுவார். போகேக்க கண்ணின்ர நீளத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கோ, ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்தக் கணக்கைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தால்தான் கூடுதோ நிக்குதோ எண்டு விளங்கும்.