ரெட் போட்டார், ஃபாலோவை நான் கெடுத்தேன்

புதுவண்ணை எழுதியது:

எங்கள் கேரம் மன்றத்து பிஎச்பிபிபி (இணைய விவாதக் களம் நடத்தும் மென்பொருள்) தளத்துக்கு நான்தான் அட்மின். 2024 நவம்பரில் எங்கள் பேட்டைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார் இல்லையா, அந்த வாரம் அரட்டைப் பகுதி பொங்கி வழிந்தது. ஹோஸ்டிங்கில் இடம் குறைச்சல். அரட்டையில் 90 நாள் யாரும் பதில் போடாத திரிகள் (ஒரு பேச்சும் அதன் பதில்களும் சேர்ந்த தொகுப்பு) தானாகவே அழியும்படி செட்டிங் வைத்துவிட்டு, அதை மறந்தும் போனேன்.

எங்களிடம் காசிமேட்டு அண்ணன் ஒருவர் உண்டு. விடியற்காலை மீன் ஏலம் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்துவிடுவார். ஆயிரம் பதிவு போட்டால் பெயருக்குக் கீழே ‘ரெட்’ என்று சிவப்பில் பட்டம் வரும். அதை வாங்கிய சந்தோஷத்தில் இருந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டார்: “நைனா, புரொஃபைல்ல 1,012 காட்டுது. என் பதிவுங்கள தேடினா 731தான் வருது. மீதி இன்னா ஆச்சு?”

எண்ணிக்கை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அட்மின் பக்கத்தில் பதிவு எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு பட்டன் இருக்கிறது. இப்போது இருக்கிற பதிவுகளை மட்டும்தான் கணக்கில் எடுக்கும், தானாக அழிந்தவை சேராது என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கிறது. யார் படித்தார்கள்? அழுத்தினேன். அண்ணன் 731-க்கு இறங்கினார். பட்டம் போயிற்று. அவர் மட்டுமா, அரட்டையிலேயே குடியிருந்த அத்தனை பேருக்கும் இறங்கியது.

“ரெட்ட போட்டுட்டு ஃபாலோ போடாதவன் மாதிரி திரும்ப போர்டுக்கு வந்துட்டேனேடா” என்று எழுதினார். கேரத்தில் ரெட் காயைப் போட்டால் அடுத்து இன்னொரு காயும் போட வேண்டும், அதுதான் ஃபாலோ; தவறினால் ரெட் திரும்ப போர்டுக்கு வந்துவிடும். அதோடு விடவில்லை, மேற்கொண்டு மூன்று பதிவு.

ராத்திரி டேட்டாபேஸைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. புரொஃபைலில் தெரியும் எண்ணை ஒவ்வொரு முறையும் யாரும் எண்ணுவதில்லை. உறுப்பினர் டேபிளில் தனியாக ஒரு கட்டம். பதிவு போட்டால் அதில் ஒன்று ஏறும், மாடரேட்டர் அழித்தால் ஒன்று இறங்கும். ஆனால் பழைய திரிகள் தானாக அழியும்போது அந்தக் கட்டத்தை எதுவும் தொடாது. மளிகைக்கடை அண்ணாச்சி பழைய நோட்டை எடைக்குப் போட்டாலும் மொத்தப் பாக்கியை மனதில் வைத்திருப்பாரே, அப்படி. ஆக 1,012 என்பது அண்ணன் எழுதியது, 731 என்பது அதில் மிஞ்சியது. இரண்டுமே சரியான கணக்கு. கெடுத்தது நான்.

நல்லவேளை, ஞாயிறு ராத்திரி பேக்கப் இருந்தது. உறுப்பினர் டேபிளை மட்டும் வேறு பெயரில் ஏற்றினேன். அதிலிருந்து அந்த ஒரு கட்டத்தை எடுத்து, அதற்கப்புறம் போட்ட பதிவுகளை நேரம் பார்த்து எண்ணிக் கூட்டினேன். முழு பேக்கப்பையும் ஏற்றியிருந்தால் இரண்டு நாள் பேச்சு மொத்தமும் காணாமல் போயிருக்கும்.

பெரம்பூர் பதில்:

எங்கள் ஃபுட்பால் தளத்தில் வேறு கூத்து. ‘பழைய ஷூ விற்பனை’ பகுதியில் போடுவது கணக்கில் ஏறக்கூடாது என்று, எண்ணிக்கையை ஏற்றும் அனுமதியை நீக்கினேன். பழைய பதிவுகளும் கழியும் என்று பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அனுமதி புதிய பதிவுகளுக்கு மட்டும்தானாம். எண்ணலாமா வேண்டாமா என்பது ஒவ்வொரு பதிவோடும் அது போட்ட நேரத்திலேயே சேர்ந்துவிடுகிறது. திரியை வேறு பகுதிக்கு நகர்த்தினாலும் அது மாறாது. சரி, உங்கள் அண்ணன் சமாதானம் ஆனாரா?

புதுவண்ணை பதில்:

ஞாயிறு வரை 1,006. அப்புறம் பத்து. இப்போது 1,016, பட்டமும் திரும்பிவிட்டது. அந்தப் பத்தில் நான்கு என்னைத் திட்டிப் போட்டவை.