பதில்: ‘பிந்தைய சீசன்’, ‘ஹோம் வீடியோ’ – சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான்கு நாளாக ஓடும் இந்த இழையை நேற்றிரவுதான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். தங்கை கேட்டது சின்ன விஷயம். சிங்கப்பூரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்கள் நடத்தும் வாசிப்பு மூலைக்கு யாரோ ஒரு பெட்டி நிறைய டிவிடி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பழைய அமெரிக்க சிட்காம்கள், அதாவது ஒரே பாத்திரங்கள் வாராவாரம் வரும் நகைச்சுவைத் தொடர்கள். எங்கள் ஊரின் நான்கு ஆட்சிமொழியிலும் சீட்டு ஒட்ட வேண்டும். மற்ற மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. தொடரின் பின்னாள் ஓட்டத்தைச் சொல்லும் ‘பிந்தைய சீசன்’, வீட்டில் போட்டுப் பார்க்க நாடாவிலோ வட்டிலோ விற்கும் ‘ஹோம் வீடியோ’ – இரண்டுக்கும் சொல் அமையாமல் தமிழ்ச் சீட்டு மட்டும் நம்மிடம் வந்து மாட்டிக்கொண்டது.

> ஹோம் வீடியோ = இல்லக் காணொளி. நேரான சொல் இருக்கும்போது ஏன் இத்தனை பேச்சு?

ஐயா, அது நேராக இருப்பதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சீசன்.

சிங்கப்பூரில் எங்களுக்குப் பருவம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெயிலும் மழையும் ஒரே பிற்பகலில் வந்து போகும். ‘சீசன்’ என்று காதில் விழுந்தால் இரண்டுதான் நினைவுக்கு வரும்: ஒன்று டுரியான் பழம், மற்றது கார் நிறுத்தம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்துக்கு மாதக் கணக்கில் கட்டும் பணத்துக்குச் சீசன் என்றுதான் பெயர். ‘சீசன் முடிஞ்சிருச்சு’ என்று வீட்டில் சொன்னால் நான் போய்ப் பணம் கட்டுவேனே தவிர, எந்த நாடகம் முடிந்தது என்று கேட்க மாட்டேன். அதனால் ‘சீசன் என்றே விட்டுவிடலாம், மக்களுக்குப் புரியும்’ என்று கோவையிலிருந்து தம்பி எழுதியது எங்கள் ஊரில் அரைகுறையாகத்தான் செல்லும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சொல் நாட்காட்டியிலிருந்து வந்தது. செப்டம்பர் வாக்கில் புதுப் பகுதிகள் தொடங்கும், மே மாதம் ஓயும், கோடையில் பழையதையே மறுபடி போடுவார்கள். பிரிட்டனில் அதையே ‘சீரீஸ்’ என்பார்கள். ஆக, ஒரு ஓட்டம், ஒரு ஓய்வு, மறுபடி ஓட்டம். ‘பாகம்’ என்ற பரிந்துரை இதனால் எனக்கு ஒட்டவில்லை. பாகம் என்றால் ஒரே கதையை வெட்டிய துண்டு. ‘சுற்று’ பரவாயில்லை, ஆனால் பாட்டுப் போட்டி மாதிரி இருக்கிறது.

என் ஓட்டு ‘பருவம்’. பள்ளித் தவணையோடு குழம்பும், வயதுக்கு வருவதோடு குழம்பும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். குழம்பட்டும். தமிழில் இந்தச் சொல் ஏற்கெனவே தொடருக்கு வேலை செய்திருக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பருவம் பருவமாகத்தான் பாடினார்: சபா பருவம், விராட பருவம். அதற்குள் சருக்கங்கள். சீசனும் எபிசோடும் அல்லாமல் வேறென்ன? அது வடமொழிப் பர்வம், கணு என்று பொருள், வேனிற்பருவம் வேறு என்று பேராசிரியர் அம்மா உடனே திருத்துவார். சரி அம்மா, கரும்பின் கணு என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. அதே குழந்தை, அதே வீடு, ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். நெடுங்காலம் ஓடும் சிட்காம் இதைத்தான் செய்கிறது. கொச்சை ஆங்கிலம் பேசும் கட்டடக் குத்தகைக்காரர் ஒருவரைப் பற்றிய எங்கள் ஊர் சிட்காம் புவா சூ காங்கையே எடுங்கள். 1997 முதல் 2007 வரை எட்டுப் பருவம் ஓடியது. நடுவில், 1999 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங், இந்தக் குத்தகைக்காரர் ஆங்கில வகுப்புக்குப் போகட்டும் என்றே சொல்லிவிட்டார்! கதாபாத்திரத்தைப் பிரதமரே பள்ளிக்கு அனுப்பப் பார்த்த பிறகு, அதைப் பருவம் என்று சொல்லாமல் என்ன சொல்வது?

அப்புறம் ‘பிந்தைய’. இங்கே ஒரு சொல் முன்வைக்கிறேன், அடிக்க வருகிறவர்கள் வரலாம். நம் பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி உண்டு. இளவேனில், முதுவேனில் உண்டு. ஒன்றே தொடங்குவதையும் முற்றுவதையும் காட்ட நமக்கு அடைமொழி இருக்கிறது. எனவே தொடரின் தொடக்க ஆண்டுகள் இளம்பருவங்கள், பிந்தையவை முதுபருவங்கள். குறிப்பிட்ட ஒன்றென்றால் எண்ணோடு போகட்டும்: 11ஆம் பருவம். ‘முதுபருவங்களில் நகைச்சுவை தேய்ந்துவிட்டது’ என்று ஒரு விமரிசனத்தில் எழுதிப் பாருங்கள், சொல் தானாக உட்காருகிறது. பருவத்தின் எண்ணும் வட்டு வந்த தேதியும் முன்பின்னாக இருக்கின்றன என்று பெட்டியில் தங்கை கண்ட குழப்பத்துக்கும் இது உதவும். சிம்ப்சன்ஸ் தொடரின் 20ஆம் பருவ வட்டு 2010 ஜனவரியில் வந்துவிட்டது; 13ஆம் பருவம் அதே ஆண்டில் அதற்குப் பின்தான் வந்தது. தொடரின் 20 ஆண்டு நிறைவுக்காக முந்திக்கொண்டார்கள். ‘பிந்தைய’ என்றால் எதற்குப் பிந்தையது என்று கேள்வி வரும். ‘முது’ என்றால் தொடரின் வயதை மட்டும்தான் சொல்லும்.

இனி ஹோம் வீடியோ. இதற்குத்தான் நேற்று தூங்கவில்லை.

அமெரிக்காவிலிருக்கும் உறவினர் ஒருவர் முன்பு எனக்கு, கொரியப் போரில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடக்கும் மேஷ் (M*A*S*H) என்ற சிட்காமின் கடைசிப் பருவத்தை டிவிடியில் அனுப்பினார். அந்தப் போர் நடந்தது மூன்று ஆண்டு, தொடர் ஓடியதோ பதினோரு பருவம். 1983 பிப்ரவரி 28 அன்று வந்த இறுதிப் பகுதியை அமெரிக்காவில் 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அட்டை உறையின் பின்னால் பூமி உருண்டைக்குள் 1 என்று அச்சிட்டிருந்தது. அது வட்டாரக் குறி; பொதுவாக அந்தந்த வட்டாரக் கருவியில்தான் அந்த வட்டு ஓடும். எங்களுக்குக் குறி 3, இந்தியாவில் உங்களுக்கு 5. நல்லவேளை, மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் பக்கம் வாங்கிய என் பழைய கருவி எதைக் கொடுத்தாலும் விழுங்கும்.

தொடக்கத் திரையில், பின்னணியில் சேர்த்திருக்கும் சிரிப்பொலியை நிறுத்தும் வசதி இருந்தது. மகள் விளையாட்டாக அதை அமுக்கிவிட்டாள். பக்கத்தில் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். ஐந்து நிமிடம் பார்த்தவர் கையில் காம்போடு நிமிர்ந்து, ‘ஏன்டா, இவங்களுக்குள்ள என்ன சண்டை?’ என்றார். யாரும் சண்டை போடவில்லை. அதே பேச்சு, அதே முகம், அதே கூடாரம். சிரிப்பொலி மட்டும் போயிருந்தது.

அமெரிக்க ஒளிபரப்பில் அந்த ஒலி இருந்தது, அறுவை சிகிச்சைக் கூடக் காட்சிகளில் மட்டும் இருக்காது. பிரிட்டனில் பிபிசி அது இல்லாமலேயே காட்டியது. வட்டு இரண்டையும் நம் கையில் கொடுத்து, எது வேண்டுமோ வைத்துக்கொள் என்கிறது. இன்னொரு சிட்காம், மேரீட் வித் சில்ட்ரன். ஒளிபரப்பில் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாட்டோடு தொடங்கும். அமெரிக்க டிவிடியில் 3ஆம் பருவத்திலிருந்து அந்தப் பாட்டைக் காணோம், உரிமைச் சிக்கல், வேறு இசை போட்டுவிட்டார்கள்.

இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? எனக்கு ஏட்டுச் சுவடிகளின் பாடபேதம். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற உ.வே.சா. சுவடி சுவடியாக ஒப்பிட்டாரே, அது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து இதுதான் என்று முடிவு செய்கிறார். அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘பதிப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘காணொளி’ என்றால் ஒளிபரப்பும் காணொளிதான், வட்டும் காணொளிதான், என் மகளின் பிறந்தநாளை நான் கைத்தொலைபேசியில் எடுத்ததும் காணொளிதான். ‘இல்லக் காணொளி’ என்று சீட்டு ஒட்டினால், கீழ்த்தளத்துக்கு வரும் பெரியவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்றுதான் கேட்பார்கள்.

> அப்படியானால் ‘இல்ல வெளியீடு’?

வெளியீடு என்பது செயல், பதிப்பு என்பது கையில் இருக்கும் பொருள். இரண்டும் நமக்கு வேண்டும். தவிர, இங்கே ‘இல்லம்’ என்றால் முதியோர் இல்லம், தாதிமை இல்லம் என்று மனம் போகிறது. பேச்சில் ‘பதிப்பு இல்ல’ என்று வேறு கேட்கும். ‘மனைப்பதிப்பு’ என்றால் செங்கல்பட்டுப் பக்கம் பிளாட் போட்டு விற்கிறார்கள் என்று நினைப்பீர்கள்.

எனவே வெறும் ‘வீட்டுப்பதிப்பு’. வீட்டுப்பாடம் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கே தெரிந்த அச்சு. நாடா, வீசிடி, டிவிடி, புளூரே எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘வட்டுப்பதிப்பு’ என்றால் நாடா விட்டுப்போகும். (வீசிடியை நக்கல் செய்த தம்பிக்கு: ஒரு தட்டில் 74 நிமிடம், 22 நிமிடப் பகுதி மூன்று. 24 பகுதிப் பருவத்துக்கு எட்டுத் தட்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த தலைமுறை நாங்கள்.) இதே ஊரில் எழுத்தாளரும் கணினித்தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி இன்டர்நெட்டுக்கு ‘இணையம்’ என்று சொன்னபோது ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியையும் பெயர்க்கவில்லை. அது என்ன செய்கிறது என்று பார்த்தார், ஒரு வினையைப் பிடித்தார், முடிந்தது.

சிட்காமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்றால் ஒன்றும் விளங்கவில்லை. ‘நகைத்தொடர்’ அழகுதான், ஆனால் நகைக்கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலையில் அதைக் கேட்டால் எத்தனை பவுன் என்பார்கள்.

தங்கைக்கு, உறையின் முதுகில் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும், அதனால் இப்படி எழுதலாம்:

மேஷ் – 11ஆம் பருவம் (1982–83)
வீட்டுப்பதிப்பு
சிரிப்பொலி வேண்டுமானால் உண்டு

மூன்றாவது வரி அம்மா கேட்டுக்கொண்டதால் சேர்த்தது. இடம் போதவில்லை என்றால் முதல் இரண்டையும் சிறிய எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
தெம்பனிஸிலிருந்து